ஆள், பலம், வண்டி

ரிக்‌ஷாவில் ஏறினால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். அது வியாதி என்பாள் என் தாயார். சுகம் என்பேன் நான். ஜப்பானில் கோபே பட்டணத்து ஜவுளிக்கடை ஒன்றில் சில வருஷம் குமாஸ்தாவாக இருந்தபோது தொற்றிக்கொண்ட பழக்கம். இழுப்பவன் ஓட ஆரம்பித்ததும் அந்த வண்டி ஒரு தினுசாகத் தாலாட்டும். அதற்குப் பிறகு உலகத்தில் நடப்பதற்கு நான் பொறுப்பில்லை.

அதனால்தான் யாழ்ப்பாணத்தில் கால் வைத்த முதல் காலையிலேயே வழி தப்பிப் போனேன். ராத்திரி முழுக்கக் கப்பலிலும் ரயிலிலும் விழித்திருந்துவிட்டு ஸ்டேஷன் வாசலில் கண்ணில் பட்ட ரிக்‌ஷாவில் தகரப்பெட்டியோடு ஏறி உட்கார்ந்தேன். இழுப்பவன் நாற்பது வயசுக்காரன், நல்ல கறுப்பு, தலையில் துண்டு. வண்டியின் இரண்டு ஏர்க்காலையும் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தான்.

"தூரமோ ஐயா?"

"ஆமாம்ப்பா, கொஞ்சம் தூரந்தான்" என்றேன். கண் சொருகிவிட்டது.

விழித்தபோது எங்கும் மேளச் சத்தம், கற்பூர வாசனை, மணலில் அங்கப்பிரதட்சிணம் செய்யும் ஜனங்கள். நான் செத்துக் கைலாசம் வந்துவிட்டேனோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. "இறங்குங்கோ ஐயா, நல்லூர் வந்திட்டுது" என்றான் அவன்.

"நல்லூருக்குப் போகணும்னு நான் சொன்னேனா?"

"சொல்லேல்லை. நெத்தியிலை திருநீறு, கையிலை பெட்டி, திருவிழா நாள். வேறை எங்கை போகப்போறியள்?"

"ஏன்யா, எங்கே போகணும்னு ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா?"

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஐயையோ! வெளிக்கிடுற ஆளை எங்கை போறியள் எண்டு கேக்கிறதோ? போற காரியம் விளங்குமோ? தூரமோ எண்டுதான் கேப்பம். ஆக்கள் தாங்களாய்ச் சொல்லுவினம்."

புறப்படுகிறவனை எங்கே என்று கேட்கலாகாது என்பது எங்கள் நாகப்பட்டினத்திலும் உள்ளதுதான். ஆனால் எங்கள் ஜட்கா வண்டிக்காரனுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அவன் எங்கே என்று கேட்பான், எதற்கு என்று கேட்பான், உங்கள் பாட்டனார் என்ன நோயில் செத்தார் என்பதுவரை கேட்டுவிட்டுத்தான் குதிரையைத் தட்டுவான். இந்த ஊர் இவ்வளவு நாசூக்கு என்று எனக்கு யார் சொன்னார்கள்? வந்தது வந்தாயிற்று என்று வாசலில் நின்று முருகனைக் கும்பிட்டேன். தங்கச்சி கமலத்துக்காக ஒரு தேங்காய் உடைத்தேன். பிறகு வண்டியில் ஏறி, ஊர் கேட்கும்படி, "கொழும்புத்துறை! சபாரத்தினம் வாத்தியார் வீடு!" என்று கத்தினேன்.

"அட, எங்கடை வாத்தியார் வீடோ! நானும் அந்தப் பக்கந்தான்" என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். முருகேசு என்று பேர் சொன்னான். அந்த இரண்டாவது சவாரியில் தூங்கக்கூடாது என்று தொடையைக் கிள்ளிக்கொண்டே போனேன்.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். சபாரத்தினம் தமிழ் வாசிக்கச் சிதம்பரம் வந்தவர். அங்கே என் மாமா வீட்டுக்கு எதிர்வீட்டில் தங்கியிருந்தவருக்கு என் தங்கையைக் கொடுத்தோம். கல்யாணமாகி இரண்டு வருஷம். இப்போது கமலத்துக்குத் தலைப்பிரசவம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து எழுதாத சட்டம். "போய் அவளைக் கூட்டிக்கொண்டு வா. வெறுங்கையோடு வந்து என் முகத்தில் முழிக்காதே" என்று அம்மா சொல்லிவிட்டாள். ஏழாம் மாசமே புறப்பட்டிருப்பேன். சனியன் பிடித்த மலைக்காய்ச்சல் என்னைப் படுக்கையில் போட்டுப் புரட்டியதில், நான் எழுந்து நடமாடும்போது அவளுக்கு எட்டு முடிந்து ஒன்பது பிறந்திருந்தது.

வழியெல்லாம் வேலி. பனையோலையிலும் தென்னங்கிடுகிலும் ஆள் உயரத்துக்குமேல் அடைத்த வேலி, ஒழுங்கை என்று இவர்கள் சொல்லும் சந்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. எங்கள் ஊரில் தெருவில் நடந்தால் யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கும் யாருக்கும் சண்டை எல்லாம் தெரிந்துவிடும். இங்கே ஓலைக்குப் பின்னால் கிணற்றுத் துலா கிறீச்சிடுவது கேட்கிறது, ஒரு பெண் சிரிப்பது கேட்கிறது, ஆளைக் காணோம். காலை வெயில் ஓலை இடுக்கில் நூல் நூலாக விழுந்தது. விழித்துக்கொண்டே கனவு காண்பதற்கு இதைவிடத் தோதான ஊர் எனக்குத் தெரியாது.

வேலிப் படலையைத் திறந்துகொண்டு கமலம் வந்தாள். "அண்ணே!" என்றவள் அழுதுவிட்டாள். வயிறு பெரிசாக இருந்தது. கை வளையல் முழங்கைவரை ஓடியது. கொண்டுவந்த அல்வாப் பொட்டலத்தை அவள் கையில் திணித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கே" என்று பொய் சொன்னேன்.

என் மைத்துனரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனுஷர் ஆறடி. வெளுத்த வேட்டி, மடிப்புக் கலையாத சால்வை, காலில் தோல் செருப்பு. அவர் ஒழுங்கையில் இறங்கினால் மதகில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள். தோளில் கிடக்கும் துண்டு தானாகக் கைக்கு வந்துவிடும். அவர் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நடக்கும் நடையை நான் சாயங்காலமே பார்த்தேன். எங்கள் ஊர்த் தேர் வடக்கு வீதி திரும்புகிற வேகம். கிணற்றுத் துலாவில் அவர் கை வைத்து நான் பார்க்கவில்லை. சாப்பிட்ட கைக்குத் தண்ணீர்கூடக் கமலந்தான் வார்த்தாள், அந்த வயிற்றோடு குனிந்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் அந்தச் சாப்பாடு! எரிச்சலோடு உட்கார்ந்தவனை அது அடித்துப்போட்டுவிட்டது. குழலிலிருந்து ஆவியோடு விழுந்த அரிசிமாப் புட்டு, அதன்மேல் தேங்காய்ப்பால் விட்ட சொதி, நல்லெண்ணெயில் வதக்கிய கத்தரிக்காய்க் கறி, மோர்மிளகாய். முடிந்ததும் பனம்பழக் களியில் சுட்ட பணியாரம். பனம்பழத்தை எங்கள் ஊரில் சுட்டுச் சூப்பிவிட்டு எறிவோம். இவர்கள் அதை மாவில் பிசைந்து எண்ணெயில் போட்டுத் தேவலோகத்துக்கு அனுப்புகிறார்கள். எத்தனை தின்றேன் என்று கேட்காதீர்கள். கடைசியில் பால் விடாத தேத்தண்ணீர் வந்தது, பக்கத்தில் கடித்துக்கொள்ள ஒரு துண்டு பனங்கட்டி, நம் கருப்பட்டிதான். இந்த மாதிரி ஊரைத் திட்டுவது எவ்வளவு கஷ்டம்!

ஆனாலும் திட்டவேண்டி வந்தது. அடுத்த நாள் காலை மெதுவாகப் பேச்சை எடுத்தேன். "மாப்பிள்ளை, கமலத்தைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கேன். அம்மா ஏங்கிப்போயிருக்காங்க."

அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டார். "மச்சான், நீங்கள் ரெண்டு மாசத்துக்கு முன்னம் வந்திருந்தால் நான் ஏதும் சொல்லேன். இந்த மாசத்திலை ரயிலும் கப்பலும் எண்டு கடல் கடக்கிறதோ? எங்கடை வழக்கத்திலை பிள்ளை வீட்டிலைதான் பிறக்கிறது. மருத்துவிச்சி இருக்கிறா. என்ன குறை?"

நியாயந்தான். நியாயமாகப் பேசுகிறவன்மேல் வருகிற கோபம் இருக்கிறதே, அதுதான் பொல்லாத கோபம். "உங்க வழக்கம் உங்களுக்கு, எங்க வழக்கம் எங்களுக்கு" என்றேன் சற்று உரக்க. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். மருத்துவிச்சியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வது; பயணத்துக்குத் தாங்கும் என்று அவள் சொன்னால் நான் கூட்டிப்போகலாம். அவள் சாவகச்சேரிப் பக்கம் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தாள். வர ஓரிரு நாளாகும் என்றார்கள்.

அன்று பின்னேரம் கமலமும் நானும் கடல் பார்க்கப் போனோம். கடல் என்று பேர்தான். முழங்கால் ஆழத்தில் கண்ணுக்கு எட்டியவரை பளபளவென்று கிடக்கிறது, அலையே கிடையாது. தூரத்தில் இரண்டு பேர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே நடந்து போனார்கள். வானம் எங்கே முடிகிறது, நீர் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாததால் அவர்கள் ஆகாசத்தில் நடப்பதாகவே பட்டது. எங்கள் ஊர்க் கடல் ராப்பகலாக இரையும். இது வாயே திறக்காது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்றுத்தான் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, என்னைக் கூட்டிப் போயிடுங்க" என்றாள் கமலம்.

"அவர் உன்னை ஏதாவது…"

"சேச்சே, அதெல்லாம் இல்லை. ஒரு சுடுசொல் கிடையாது. இங்கே எல்லாரும் நல்லவங்கதான். ஆனா இந்த வேலியைப் பாருங்க. நம்ம தெருவில் ஒருத்திக்கு வலி வந்தா தெருவே ஓடும். நீங்க ஓடுவீங்க. இங்கே எனக்கு ஒண்ணுன்னா யார் ஓடுவாங்க? இவர் ஓடுவாரா? நடக்கிறதுக்கே நாலு பேர் எழுந்து நிக்கணும் இவருக்கு." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "எனக்குப் பயமா இருக்கு அண்ணே. செத்துப்போயிடுவேனோன்னு பயமா இருக்கு."

வாயை மூடு, பைத்தியம் என்று அதட்டினேன். ஆனால் அந்தப் பயம் என்னையும் பிடித்துக்கொண்டது. வீடு திரும்பும் வழியெல்லாம், யார் ஓடுவாங்க, யார் ஓடுவாங்க என்று அவள் குரலே காதில் கேட்டது.

ராச்சாப்பாட்டின்போது, மூன்று பேரும் மூன்று திக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது தாங்காமல், நான் நல்லூருக்குப் போய்ச் சேர்ந்த கதையை எடுத்துவிட்டேன். வாத்தியார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்தால் மனுஷர் பத்து வயசு குறைந்துபோகிறார். பிறகு, "ரிக்‌ஷா யப்பான் சொல்லெண்டு கேள்வி. நீங்கள் அங்கை இருந்தனீங்கள், மச்சான். என்ன கருத்து?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் கடைக் கணக்கர் மோரி சொன்னது. மழை நாள் ஒன்றில் அவர் தேநீரில் விரலைத் தோய்த்து மேஜைமேல் எழுதிக் காட்டினார். அதைப்போலவே நானும் செம்புத் தண்ணீரைத் தொட்டுச் சாணி மெழுகிய தரையில் எழுதினேன். முதல் எழுத்து ஜின். இரண்டே கோடு, ஒருவன் காலை அகட்டி வைத்து நடப்பதுபோல. அது ஆள். இரண்டாவது ரிகி. அது பலம். மூன்றாவது ஷா. மேலேயிருந்து பார்த்தால் நடுவில் பெட்டியும் இரண்டு பக்கம் சக்கரமும் குறுக்கே அச்சுமாகத் தெரியும். அது வண்டி. ஜின்-ரிகி-ஷா. ஆள், பலம், வண்டி.

"ஆள்வலு வண்டி. நல்ல சொல்லு!" என்றார் வாத்தியார், பணியாரம் தின்ற என்னைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு. "பிறகு அந்த ஜின் எங்கை போயிட்டுது?"

"வெள்ளைக்காரங்க வாயில் விழுந்து தேஞ்சுபோச்சு, மாப்பிள்ளை. அவசரத்தில் முதல் எழுத்தை விட்டுட்டாங்க. நமக்கு வந்து சேர்ந்தது பலமும் வண்டியுந்தான். ஆள் வழியிலேயே விழுந்துட்டான்."

யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். அதற்கு ஜப்பானிலேயே ஏகப்பட்ட தகராறு என்றேன். இன்னின்ன மூன்று பேர்தான் முதலில் செய்தது, சர்க்காரே அனுமதி கொடுத்தது என்பார்கள் சிலர். அதெல்லாம் இல்லை, நடக்கமுடியாத நோயாளி மனைவியை வெளியே கூட்டிப்போவதற்காக வெள்ளைக்காரப் பாதிரி ஒருவர் செய்வித்ததுதான் முதல் வண்டி என்பார்கள் வேறு சிலர். மோரிக்கு அதில் நம்பிக்கை இல்லை. கதைதான், ஆனால் நல்ல கதை என்றார்.

அடுக்களை வாசலில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் கமலம். "அண்ணே, அந்தப் பாதிரி தானே இழுத்தானா, ஆள் வச்சு இழுத்தானா?" என்று கேட்டாள்.

நான் இதை மோரியிடம் கேட்கவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. "தெரியலையே" என்றேன்.

"ஆள் வைச்சுத்தான் இருப்பார்" என்றார் வாத்தியார். "ஒரு பாதிரியார் நடுறோட்டிலை வண்டில் இழுக்கிறதோ? ஊர் சிரியாதோ?"

கமலம் உள்ளே போய்விட்டாள். நான் எழுதியது தரையில் காய்ந்துகொண்டிருந்தது. முதலில் மறைந்தது ஆள்தான்.

மருத்துவிச்சி மறுநாள் மத்தியானத்துக்கு முன் வந்துவிட்டாள். மெலிந்த கிழவி, வெற்றிலைவாய். உள்ளே போனவள் வெளியே வரும்போது வெற்றிலையைத் துப்பிவிட்டிருந்தாள். "பயணம் ஒண்டும் வேண்டாம், வாத்தியார். பிள்ளை குறுக்கை கிடக்குது. நோவும் துடங்கிட்டுது போலை. இது என்ரை கையாலை ஏலாது. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ."

நான் ஊரிலிருந்து கொண்டு வந்த தைரியம் எல்லாம் ஒரு நொடியில் போய்விட்டது. ஊரில் இருந்த ஒரே கார், கல்யாண வீட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு பருத்தித்துறைக்குப் போயிருந்தது. மாட்டு வண்டில் பிடிக்கிறேன் என்று நான் ஓடப் பார்த்தேன். மருத்துவிச்சி கையைப் பிடித்து நிறுத்தினாள். "வண்டில் குலுக்கும் தம்பி. அந்தக் கல் றோட்டிலை வேண்டாம்." அப்போதுதான் முருகேசுவின் ஞாபகம் வந்தது. நல்ல வேளை, வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் வண்டியைக் கொண்டுவந்துவிட்டான்.

கமலத்தைத் தூக்கி உட்காரவைத்தோம். "நீங்கள் முன்னாலை போங்கோ, நான் வாறன்" என்றாள் மருத்துவிச்சி. முருகேசு வாத்தியாரைப் பார்த்தான். இப்போதும் எங்கே என்று கேட்கவில்லை. வாத்தியாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. வீட்டு வாசலில் வைத்து ஆஸ்பத்திரி என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை போலும். கையை மேற்கே காட்டினார். அது போதும், அவனுக்குப் புரிந்தது.

மேற்கே போவதென்றால் சோளகத்துக்கு எதிரே போவது. விரித்துவைத்த வண்டிக் கூடாரம் பாய்மரம் மாதிரி காற்றை வாங்கி எங்களைப் பின்னுக்குத் தள்ளியது. அதை மடக்கிவிட்டான் முருகேசு. உச்சி வெயில் கமலத்தின் முகத்தில் நேராக விழுந்தது. நான் பின்னாலிருந்து தள்ளினேன். வாத்தியார் பக்கத்தில் குடையோடு நடந்தார். வேகமாகத்தான் நடந்தார், ஆனாலும் நடந்தார். கமலம் உதட்டைக் கடித்துக்கொண்டு முனகும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தக் குடையைப் பிடுங்கி முறிக்கவேண்டும்போல் இருந்தது.

தெரு செப்பனிடுவதற்காக ஒரு பக்கம் சல்லிக்கல் கொட்டியிருந்தார்கள். அதில் சக்கரம் ஏறிச் சரிந்தது. வண்டி குடைசாயாமல் இருக்க முருகேசு தன் உடம்பைக் கொடுத்துத் தாங்கினான். வண்டி நின்றது, அவன் கால் புரண்டது. "அம்மா!" என்று உட்கார்ந்துவிட்டான். எழுந்திருக்கப் பார்த்தான், காலைத் தரையில் வைக்க முடியவில்லை. "ஐயா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் முன்னால் ஓடி ஏர்க்காலைத் தூக்கினேன். காய்ச்சல் தின்ற கால். நாலடிகூட வைக்க முடியவில்லை. ஏர்க்கால் கையிலிருந்து மேலே போக, வண்டி பின்பக்கம் சாயத் தொடங்கியது. "அண்ணே!" என்று கமலம் அலறினாள்.

ஏர்க்காலை ஒரு கை வந்து அழுத்திப் பிடித்தது. வாத்தியாரின் கை. குடை வாய்க்காலில் கிடந்தது. அவர் தோளிலிருந்து சால்வையை எடுத்தார், உதறினார், கமலத்தின் தலையும் முகமும் மூட வெயிலுக்குப் போர்த்தினார். செருப்பைக் கழற்றி எறிந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு ஏர்க்காலுக்கும் நடுவில் போய் நின்றார்.

"பின்னாலை பிடியுங்கோ மச்சான்" என்றார். ஓடினார்.

அந்த ஓட்டத்தை நான் எப்படிச் சொல்வேன்? அந்த நேரத்திலும் எனக்குக் கனவு மாதிரித்தான் இருந்தது. வெயிலில் வேலியும் பனையும் மிதந்து வந்து பின்னால் போயின. கோபேயில் மழை பெய்வதுபோலவும், மோரி ஈர விரலால் எழுதுவதுபோலவும் ஒரு மயக்கம். நிமிர்ந்து பார்த்தால் எனக்கு முன்னால் அந்த முதல் எழுத்து, காலை அகட்டி வைத்து ஓடிக்கொண்டிருந்தது. வழியில் விழுந்துபோன ஆள் எழுந்து வந்துவிட்டான் என்று நினைத்தேன். என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. காற்றினால் என்று சொல்லமாட்டேன்.

மதகில் இருந்தவர்கள் வழக்கம்போல எழுந்து நின்றார்கள். தோள் துண்டுக்குப் போன கை பாதியில் நின்றுவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரத்தில் எதிரே ஒரு மாட்டு வண்டில் வந்தது. கோயில் நிர்வாகம் பார்க்கும் முகாமைக்காரர், ஊருக்கே பெரியவர், வாத்தியாரே எழுந்து நின்று பேசுகிற மனுஷர், அதில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பகீரென்றது. இப்போது நிறுத்தி விசாரிப்பார், இவர் கூசிப்போய்க் கையை விடுவார் என்று பயந்தேன்.

பெரியவர் எங்களைப் பார்த்தார். சால்வை இல்லாத வெறும் மார்பு, செருப்பில்லாத கால், போர்வைக்குள் முனகும் பெண். "வண்டிலை ஒதுக்கடா!" என்று தம் வண்டிக்காரனை அதட்டினார். மாடு வேலியோரம் பள்ளத்தில் இறங்கியது. நாங்கள் கடக்கும்போது குனிந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தூரமோ, வாத்தியார்?"

"ஓம், கொஞ்சம் தூரம்" என்றார் வாத்தியார், நிற்காமல்.

அவ்வளவுதான். அந்த ஊர்க்காரர்களின் நாசூக்கை முதல் நாள் திட்டினேனே, அதற்காக அந்த இடத்திலேயே மனசுக்குள் விழுந்து கும்பிட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் தாதிமார் இரண்டு பேர் கமலத்தை உள்ளே தூக்கிப் போனார்கள். வாத்தியார் பின்னாலேயே படியேறப் போனார். வாசற்காவலாள் அவரை ஏற இறங்கப் பார்த்தான். புழுதி படிந்த வேட்டி, வேர்வை வழியும் உடம்பு, கல் கிழித்து ரத்தம் கசியும் கால்.

"ஏய், றிக்‌ஷாக்காரர் உள்ளுக்கை வரப்படாது. வண்டிலை அங்காலை மரத்தடியிலை கொண்டுபோய் விடு."

அடப்பாவி, இவர் யார் தெரியுமா என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "ஓம், விடுறன்" என்று சொல்லிவிட்டு, வண்டியை இழுத்துக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் நிறுத்தினார். பிறகு ஏர்க்கால்மேல் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மச்சான், அவவுக்கு ஒண்டும் நடவாதே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஆறடி மனுஷர், பச்சைக் குழந்தை மாதிரி கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு நாளாக வளர்த்து வைத்திருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

வெயில் தாழும் நேரத்தில் கூப்பிட்டார்கள். டாக்டர் பிள்ளையைத் திருப்பி எடுத்துவிட்டார். பெண் குழந்தை. அழுகிறது என்றார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டும் தங்கியிராது என்றும் சொன்னார்கள். வாத்தியார் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். காவலாளிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. பாவம், எங்கே ஒளிவது என்று தெரியாமல் விழித்தான்.

கமலம் கண்ணைத் திறந்தபோது முதலில் நான் போனேன். சுண்ணாம்பாக வெளுத்திருந்தாள். தலைமாட்டில் அந்தச் சால்வை புழுதியோடு கிடந்தது. மெல்லக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்தப் பாதிரி தானேதான் இழுத்திருப்பான்."

"ஆமாம்மா" என்றேன்.

"அம்மாகிட்டே சொல்லுங்க. நான் இங்கேயே இருந்துக்கறேன்."

பிள்ளைக்கு முப்பத்தொன்றாம் நாள் சடங்கு கழித்துத்தான் புறப்பட்டேன். முருகேசுவின் கால் அதற்குள் தேறியிருந்தது. அவன்தான் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனான். படலையில் நின்று வழியனுப்பிய வாத்தியாரைப் பார்த்து, வழக்கத்தை மீறக்கூடாது என்று, "போயிட்டு வர்றேன் மாப்பிள்ளை" என்றேன். மதகில் இருந்தவர்கள் அன்றும் அவரைப் பார்த்து எழுந்து நின்றார்கள், முன்னைவிடச் சுறுசுறுப்பாக. எனக்கு அன்று ரிக்‌ஷாவில் தூக்கம் வரவில்லை. முருகேசுவின் முதுகையும் அவன் கால் ஒன்று மாற்றி ஒன்று விழுவதையும் ஸ்டேஷன் வரை பார்த்துக்கொண்டே போனேன்.

நாகப்பட்டினத்தில் அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். என் பின்னால் எட்டிப் பார்த்தாள். வண்டியில் பனங்கட்டி நிறைத்த ஓலைக் குட்டான் ஒன்றுதான் இருந்தது.

"வெறுங்கையோடதானே வந்திருக்கே? எம் பொண்ணை அந்த வேலிக்குள்ளே தனியா விட்டுட்டு? அவளுக்கு ஒண்ணுன்னா அங்கே யாருடா இருக்கா?"

"ஆள் இருக்கும்மா" என்றேன்.